டிராக்குக்குப் போற காருக்கு முதல் செலவு எஞ்சினுக்கு இல்லை

1)
ஒரு பெர்ஃபாமன்ஸ் கார் வாங்கி, அதை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ஓட்டிப் பார்க்கணும்னு ஆசைப்படுற தம்பி தங்கைகளுக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2)
"இதுக்கும் டாக்டருக்கும் என்ன சம்பந்தம்?"
வேகம் கையை மீறினா நீங்க வந்து சேருற இடம் எங்க அவசர சிகிச்சைப் பிரிவு. அவ்வளவுதான் சம்பந்தம்.

"போகாதீங்க"ன்னு சொல்ல வரல. வேகமா ஓட்டணும்னா டிராக்கில்தான் ஓட்டணும் என்பதே என் கட்சி. அங்கே எதிரே லாரி வராது. குறுக்கே மாடு வராது. ஸ்கூல் விட்டு நடந்து வர்ற பிள்ளை இருக்காது. வண்டி தடம் மாறினா வேகம் குறைய காலி இடம் இருக்கும், ஆம்புலன்ஸ் தயாரா நிக்கும். விடியற்காலை ஈசிஆர்ல இதுல எதுவுமே கிடையாது.

3)
ஆனா டிராக் டேக்குத் தயாராகுற பலரும் முதல்ல செய்றது என்ன?
எஞ்சின் ரீமேப். அடுத்து சத்தம் போடுற சைலன்சர். அதுக்கப்புறம் ஒரு பெரிய விங்.
பிரேக்? "கம்பெனி பிரேக்கே போதும் ப்ரோ."

இந்த வரிசை தலைகீழ் என்பதுதான் என் வாதம்.

4)
ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம்.
ஆளோடு சேர்த்து 1,200 கிலோ கார். மணிக்கு 144 கிலோமீட்டர்ல வந்து, திருப்பத்துக்கு முன்னாடி 72-க்கு இறங்குது. வேகம் பாதிதான் குறைஞ்சது. ஆனா இயக்க ஆற்றல்ல முக்கால் பங்கு போயிடுச்சு. சுமார் 720 கிலோஜூல். 30 டிகிரியில இருக்கிற ரெண்டரை லிட்டர் தண்ணியைக் கொதிநிலைக்குக் கொண்டுபோற அளவு வெப்பம் அது.
இவ்வளவும் ஒரே ஒரு திருப்பத்துக்கு. பெரும்பகுதியை வாங்கிக்கிறது உங்க பிரேக் டிஸ்க்கும் பேடும்தான். ஆறி முடிக்கிறதுக்குள்ள அடுத்த திருப்பம் வந்துடும்.

5)
அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. டாட் 4 வகை புதுசா இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. ஈரம் ஏறிய பிறகு அதே அளவு 155 டிகிரிதான்.
ஆயில் கொதிச்சா ஆவி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நீங்க மிதிக்கிற மிதி ஆவியை அமுக்குறதுலயே போயிடும். பெடல் தரையைத் தொடும், வண்டி நிக்காது.
இந்த நிலைமையில இருக்கிற காருக்கு ரீமேப் பண்ணி வேகத்தைக் கூட்டுறது, பிபி மாத்திரையை நிறுத்திட்டு உப்பை அள்ளிப் போட்டுக்கிற மாதிரி.

6)
அடுத்தது என் துறை. பெல்ட்.
வண்டியில வர்ற மூணு முனை சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் சீட்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தும்படி வடிவமைச்சது. அதுல ஒண்ணை மட்டும் மாத்தினா மத்ததோட கணக்கும் தப்பும்.
நாலு முனை ரேஸ் பெல்ட் போட்டா தோள் ரெண்டும் அசையாம நிக்கும். ஆனா மோதும்போது தலை மட்டும் முன்னாடி பாயும். இழுவை முழுக்கக் கழுத்துக்கும் மண்டையோட்டின் அடிப்பகுதிக்கும் போகும். அமெரிக்க நாஸ்கார் வீரர் டேல் எர்ன்ஹார்ட் 2001-ல் டேடோனாவில் இறந்தது மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்துதான். அதே ஆண்டு நாஸ்கார் தலை-கழுத்துக் காப்புக் கருவியைக் கட்டாயமாக்கியது. 2003-ல் ஃபார்முலா 1-ம் 'ஹான்ஸ்' கருவியைக் கட்டாயமாக்கியது.
இடுப்புப் பட்டை மேலே ஏறி வயித்துல உட்கார்ந்தா குடல், கல்லீரல், மண்ணீரல் கிழியலாம். வெளியில ஒரு கீறல் கூட இருக்காது. உள்ளே ரத்தம் கொட்டிட்டு இருக்கும்.
அதனால ரேஸ் பெல்ட்டுன்னா ரேஸ் சீட், ஹான்ஸ், சரியான பொருத்தம் எல்லாம் சேர்த்து. இல்லேன்னா கம்பெனி பெல்ட்டே போதும். பாதி மாற்றம் வேண்டாம்.

7)
ரோல் கேஜும் அப்படித்தான். ஹெல்மெட் போட்ட தலைக்கு அது கவசம். அதே கார்ல திங்கட்கிழமை ஹெல்மெட் இல்லாம ஆபீஸ் போறப்போ, காதுக்குப் பக்கத்துல ஒரு இரும்புக் குழாய். சின்ன மோதல் போதும், தலைக்காயத்துக்கு. அந்தக் கார்ல குழந்தைய ஏத்தாதீங்க.

8)
சட்டம்: பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்லுது. 2019 திருத்தப்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும்.
இன்சூரன்ஸ்: வழக்கமான பாலிசி பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கியே வெச்சிருக்கு. டிராக்ல நொறுங்கினா உங்க பணம்தான். பாலிசியை ஒரு தடவை படிச்சுப் பாருங்க.

9)
அப்போ எந்த வரிசையில செலவு பண்ணலாம்?
• புது பிரேக் ஆயில், சூடு தாங்குற பேடு
• நல்ல டயர்
• கார் பந்தயத்துக்கான 'எஸ்ஏ' தர ஹெல்மெட். பைக் ஹெல்மெட்டுக்குத் தீயைத் தாங்கும் உள்துணி கட்டாயமில்லை
• ஒரு பயிற்சியாளர்
• கடைசியா, உண்மையிலேயே தேவைப்பட்டா, எஞ்சின்

10)
உங்க உடம்பும் வண்டியில ஒரு பாகம்தான். நம்ம ஊர் வெயில்ல ஏசியை அணைச்சு, ஹெல்மெட் போட்டு ஓட்டினா சீக்கிரம் நீர் வத்தும். ஒவ்வொரு சுற்று முடிஞ்சதும் தண்ணி குடிங்க. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுக்கிறவங்க சுகர் பார்க்காம ஏறாதீங்க. தலை சுத்தல், குமட்டல், படபடப்பு வந்தா அன்னிக்கு ஓட்டினது போதும். கடைசிச் சுற்றை மெதுவா ஓட்டி பிரேக்கை ஆற விடுங்க. சூடா இருக்கும்போது ஹேண்ட்பிரேக் போடாதீங்க.

11)
குதிரைசக்தி நேர்பாதையில ரெண்டு நொடி சந்தோஷம் தரும். பிரேக் உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வரும். ரீமேப்புக்கு எடுத்து வெச்ச காசுல முதல் பங்கை மெக்கானிக்கிட்ட கொடுத்து, "அண்ணே, பிரேக்கைப் பார்த்துக் குடுங்க"ன்னு சொல்லுங்க.

ரேஸ் ஆசை உள்ள ஒரு நண்பர் உங்களுக்கும் இருப்பார். அவருக்கு அனுப்புங்க.