தீபாவளி ஹேம்பர் ஒரு நாள்… மிச்சம் 364 நாள்?



கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடதான் எழுதுறோம். முழுசா படிச்சிட்டு, திட்டணும்னா திட்டுங்க.

ஒவ்வொரு வருஷமும் மாசி மகத்துக்கு ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயத்தில் இருந்து செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயம் வரைக்கும் இரதத்தோடு நடக்கிறோம். தண்ணீர்ப் பந்தல் போடுறோம், மோர் ஊத்துறோம், கடைசியில் குப்பையும் பொறுக்குறோம். அதே செங்கில்தான் ஜேகேஎம் என்று நாம் சொல்லும் சமூகநல இலாகாவின் முதியோர் இல்லம், ரூமா ஸ்ரீ கெனாங்கானும் இருக்கு. நம்மில் எத்தனை பேர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்திருப்போம்? நாங்களும் பார்த்ததில்லை. ஒரு பாட்டியை அங்கே சேர்க்க முடியுமா என்று விசாரிக்கும் வரைக்கும்.

ஜாசின் பக்கம் ஒரு பழைய தோட்டம். பாட்டி முப்பது வருஷத்துக்கு மேல பால்மரம் வெட்டினவங்க. மூணு வருஷமா தீபாவளிக்கு நாங்கதான் ஹேம்பர் கொண்டு போய்க் கொடுத்தோம். பக்கத்தில் நின்னு படம் எடுத்தோம். முகநூலில் போட்டோம். "நல்ல சேவை, தொடரட்டும்" என்று நீங்களும் எழுதினீங்க.

நாலாவது வருஷம் போனப்போ பாட்டி படுத்த படுக்கை. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சிருச்சு. எங்க குழுவில் இருக்கும் ஒரு அக்கா, பாயை மாத்தலாம்னு பாட்டியைத் திருப்பினாங்க. முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். கட்டிலுக்கு அடியில் பார்த்தால், நாங்க கொடுத்த ஹேம்பரில் பாதி அப்படியே இருக்கு. பிரிக்காத மைலோ, பிரிக்காத மீஹூன், காலாவதியான பிஸ்கட் டின். சமைக்க ஆள் இல்லாத வீட்டுக்கு அரிசி மூட்டை கொடுத்துட்டு வந்திருக்கோம், மூணு வருஷமா.

அந்த அக்கா ஒண்ணும் பேசல. வெளிய வந்து அழுதாங்க. நாங்க யாரும் அன்னிக்குப் படம் எடுக்கல.

அப்புறம்தான் அலைய ஆரம்பிச்சோம். தெரிஞ்சுகிட்டதை உங்களுக்கும் சொல்றோம். நாளைக்கு உங்க வீட்டுக்கும் உதவும்.

ரூமா ஸ்ரீ கெனாங்கானில் சேர 60 வயசு ஆகியிருக்கணும், கவனிக்க ஆள் இல்லாதவரா இருக்கணும், தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடியணும். எழுந்து நடக்க முடியாதவர்களுக்கு என்று இலாகாவிடம் இருப்பது ரூமா எஹ்சான். மொத்தம் ரெண்டே ரெண்டு. ஒண்ணு சிலாங்கூர் கோலகுபு பாருவில், இன்னொண்ணு திரெங்கானு டுங்குனில். மலாக்காவில் இல்லை. பக்கத்து நெகிரி செம்பிலானில் இல்லை, ஜொகூரிலும் இல்லை. நடக்க முடிஞ்ச வரைக்கும் செங்கில் இடம் கேட்கலாம். விழுந்துட்டால் நம்ம மாநிலத்தில் உங்களுக்கு அரசாங்கக் கட்டில் கிடையாது. எப்போ ரொம்பத் தேவையோ, அப்போதான் கதவு மூடுது.

சரி, தனியார் இல்லம்? படுத்த படுக்கையாக இருப்பவருக்கு எங்களிடம் மாதம் 2,000 ரிங்கிட்டுக்கு மேல் கேட்டாங்க. பாம்பர்ஸ், மருந்து தனி.

அரசாங்கம் கொடுக்கும் மூத்த குடிமக்கள் உதவித்தொகை எவ்வளவு? 350 ஆக இருந்ததை 2021-ல் 500 ஆக்கினாங்க. 2025-ல் 600 ஆக்கினாங்க. ஏத்தினதுக்கு நன்றி சொல்லலாம், தப்பில்லை. ஆனா ஒரு நாளைக்கு 20 ரிங்கிட். அதில் சாப்பாடு, பாம்பர்ஸ், ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி. நாட்டில் குறைந்தபட்ச சம்பளமே 2025-ல் 1,700 ரிங்கிட். வேலை செய்யத் தெம்பு உள்ளவனுக்கே அதுக்குக் கீழே போகக் கூடாது என்று சட்டம் போட்ட நாடு, எழுந்து உட்கார முடியாத கிழவிக்கு 600 போதும் என்று எந்தக் கணக்கில் முடிவு செய்தது?

அந்த 600-ம் எல்லாருக்கும் வராது. மலேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். நம்ம தோட்டங்களில் இன்னும் சிவப்பு ஐசியோடு இருக்கும் தாத்தா பாட்டிகள் உண்டு. வாழ்நாள் முழுக்க இந்த மண்ணில் வேலை செஞ்சவங்க. பிறப்புப் பத்திரம் இல்லை, பதிவு இல்லை. 2011-ல் மைடஃப்தார் இயக்கம் நடந்தப்போ சிலருக்கு வழி கிடைச்சது, விட்டுப்போனவங்க விட்டுப்போனதுதான்.

இப்போ பதிவுக்குக் கீழே என்ன எழுதுவீங்கன்னு எங்களுக்குத் தெரியும். "பெத்த பிள்ளைங்க என்ன செய்றாங்க? அவங்க பாக்கணும். அரசாங்கத்தை ஏன் கேக்குறீங்க?"

பாக்கணும். நாங்களும் அதைத்தான் சொல்றோம். பணம் இருந்தும் தாயைத் தனியா விடுறவனுக்காக நாங்க வாதாட வரல. ஆனா இந்தப் பாட்டிக்கு ரெண்டு பிள்ளைங்க. ஒருத்தர் இறந்துட்டார். இன்னொருத்தர் ஜொகூரில் லாரி ஓட்டுறார், நாலு பிள்ளைங்க, வாடகை வீடு. அவர் வேலையை விட்டுட்டு வந்து அம்மாவைக் குளிப்பாட்டினால் நாலு பிள்ளைங்க பட்டினி. வேலைக்குப் போனால் அம்மாவுக்குப் புண். அவர் போனில் பேசினப்போ குரல் உடைஞ்சதை நாங்க கேட்டோம். "பிள்ளை பாக்கணும்" என்று அவரிடம் போய்ச் சொல்ல எங்களுக்கு வாய் வரல.

பாட்டி ஏன் சேத்து வைக்கலன்னு கேட்பீங்க. எதை வச்சுச் சேக்குறது? குறைந்தபட்ச சம்பளம் என்று ஒன்று நாட்டில் சட்டமாக வந்ததே 2013-ல்தான், அதுவும் 900 ரிங்கிட். பாட்டி அதுக்கு முன்னாடியே கத்தியைக் கீழே வச்சவங்க. மழை பேஞ்சா வெட்டு இல்லை, வெட்டு இல்லைன்னா சம்பளம் இல்லை. இபிஎப் 1951-ல் இருந்தே இருக்கு. ஆனா கொஞ்ச சம்பளத்தில் பிடிச்ச பணம் கொஞ்சமாத்தானே இருக்கும்? 55 வயசில் எடுத்தது மக கல்யாணத்துக்குப் போச்சு.

இந்த நாட்டில் ரப்பரை முதன்முதலாக வியாபாரத்துக்குப் பயிர் செஞ்ச இடம் எது தெரியுமா? நம்ம புக்கிட் லிந்தாங். 1896-ல் டான் சாய் யான் அங்கேதான் ஆரம்பிச்சார். பிறகு புக்கிட் அசஹான். ரப்பர் பணம் இந்த நாட்டுக்கு ரோடாகவும் துறைமுகமாகவும் ஆனது மலாக்காவில் இருந்து தொடங்கின கதை. அந்த மாநிலத்தில் பால்மரம் வெட்டின கைக்கு இன்னிக்கு ஒரு கட்டில் இல்லை.

இன்னொரு வரலாறும் இருக்கு. நம்ம இளைஞர்களில் பலருக்குத் தெரியாது. 1907-ல் வெள்ளைக்காரன் காலத்தில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று ஆரம்பிச்சாங்க. வேலைக்கு வச்சிருந்த தமிழ்த் தொழிலாளர் கணக்குப்படி தோட்ட முதலாளிகளிடம் வசூலித்த பணம். ஆள் கொண்டு வரத்தான் முதலில் அந்த நிதி. சுதந்திரத்துக்குப் பிறகு 1958-ல் அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதி ஆச்சு. பினாங்கு மாநிலத்தில் புக்கிட் தெங்காவில் ஆதரவில்லாத வயசான தொழிலாளர்களுக்கு ஒரு இல்லம் நடந்தது இந்த நிதியில்தான். 1999-ல் நிதியைக் கலைச்சாங்க. சொத்து மத்திய அரசாங்கத்திடம் போச்சு.

அதாவது, நம்ம பாட்டன் பூட்டன் பேரைச் சொல்லி ஒரு நிதி இருந்தது. அதில் வயசானவங்களுக்கு ஒரு கூரையும் இருந்தது. நிதியை எடுத்துக்கொண்டவர்கள் அந்தப் பொறுப்பையும் சேர்த்துத்தானே எடுத்துக்கொண்டார்கள்? அப்போ நாம கேக்குறது பிச்சை இல்லைங்க. பாக்கி.

"இந்தியர்களுக்கு மட்டும் கேக்குறீங்களா?" என்று ஒருத்தர் கேட்டார். இல்லை. புக்கிட் அசஹானில் விழுற தமிழ்ப் பாட்டிக்கும், மெர்லிமாவில் விழுற மலாய்க்கார நேனேக்குக்கும், மச்சாப் பாருவில் விழுற சீனப் பாட்டிக்கும் இடுப்பெலும்பு ஒண்ணுதான். 2030-ல் நாட்டில் 100 பேரில் 15 பேர் 60 வயசைத் தாண்டியவர்களா இருப்பாங்கன்னு அரசாங்கமே சொல்லுது. ஜப்பான் 2000-லேயே முதியோர் பராமரிப்புக்குத் தனிக் காப்புறுதி கொண்டு வந்திருச்சு. பஸ் ஏறினா சில மணி நேரத்தில் போகும் சிங்கப்பூர், 2020-ல் கேர்ஷீல்டு லைஃப் என்று ஆரம்பிச்சது. தன் வேலையைத் தானே செய்ய முடியாமல் போனவருக்கு அந்த நிலை இருக்கும் வரை மாதாமாதம் பணம். நம்மிடம் இருப்பது என்ன? பட்ஜெட் அன்னைக்கு ஒரு அறிவிப்பு, தீபாவளிக்கு ஒரு ஹேம்பர், தேர்தலுக்கு ஒரு சக்கர நாற்காலி.

கோயில் நிர்வாகங்களுக்கும் சொல்றோம். எங்க கோயிலையும் சேர்த்துத்தான்.

நாம ஹேம்பர் கொடுக்கக் கொடுக்க, கொடுக்க வேண்டியவங்களுக்கு வசதியாப் போச்சு. "உங்க கோயில்காரங்கதான் நல்லா பாத்துக்குறாங்களே" என்று ஒரு அலுவலகத்தில் எங்களைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. நம்ம தொண்டு அவங்களுக்குச் சாக்கு. உபயக்காரர்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு மாசம் பாம்பர்ஸ் வாங்கலாம், ரெண்டு மாசம் வாங்கலாம். தினம் காலையில் வந்து புண்ணைக் கழுவிக் கட்ட பயிற்சி பெற்ற ஒரு ஆளை வருஷக்கணக்கில் கோயில் உண்டியல் சம்பளம் கொடுத்து வைக்க முடியாது. உண்டியலில் போடுறவங்களும் இதே ஏழைகள்தான்.

அதே சமயம் நம்ம கையும் சுத்தமில்லை. திருவிழாவுக்கு எல்இடி விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் எவ்வளவு செலவு, அதே வட்டாரத்தில் படுத்துக் கிடக்கும் முன்னாள் உபயக்காரருக்கு எவ்வளவு செலவு என்று ரெண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்க. இருபது வருஷம் அன்னதானத்துக்குக் காய் நறுக்கின அம்மா இந்த வருஷம் ஏன் வரலன்னு எந்த நிர்வாகமாவது போய்ப் பார்த்ததா? நாங்க பார்க்கல. ஒத்துக்குறோம்.

ஆகவே, எங்க கோரிக்கை மூணுதான். உங்க ஒய்பி யாராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், பார்க்கும்போது இதைக் கேளுங்க:

ஒண்ணு, படுத்த படுக்கையாக இருக்கும் முதியோருக்குத் தென் மாநிலங்களில் ஒரு அரசாங்க இல்லம். அதை மலாக்காவில் கட்டுங்க.

ரெண்டு, உதவித்தொகையை நினைச்சப்போ ஏத்தாம, விலைவாசியோடு சேர்த்து வருஷா வருஷம் ஏத்துங்க. இங்கேயே உழைச்சு வயசான சிவப்பு ஐசிக்காரர்களையும் அதில் சேருங்க.

மூணு, வீடு தேடி வந்து முதியோரைக் கவனிக்கும் சேவையைத் தொண்டூழியர் தலையில் கட்டாம, சம்பளம் கொடுத்து ஆள் போடுங்க.

நாம செய்ய வேண்டியதும் இருக்கு. மலாக்கா தெங்கா, அலோர் காஜா, ஜாசின், மூணு மாவட்டத்திலும் சமூகநல அலுவலகம் உண்டு. படுக்கையில் இருப்பவரை முழு நேரமும் கவனிக்கும் குடும்பத்தாருக்கு என்று தனி உதவித்தொகை இருக்கு, பலருக்குத் தெரியவே தெரியாது. 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேக்கலாம். கிளினிக் கெசிஹாத்தானில் தாதியர் வீட்டுக்கு வரும் சேவை பற்றி விசாரிங்க. பாட்டிக்கு எழுதிப் போட்ட மனு இன்னும் முடிவாகல, ஆனா தாதி வந்து புண்ணுக்கு மருந்து கட்டினாங்க. கேட்டதால வந்தாங்க.

இனி எங்க குழு ஹேம்பர் படம் போடாது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை பூஜை முடிஞ்சு கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். மனு பாரம் இருக்கும், மலாய் எழுதத் தெரிஞ்ச ரெண்டு தம்பிகள் இருப்பாங்க. உங்க தாமானில், உங்க பழைய லயத்தில் தனியா இருக்கும் பெரியவங்க யாருன்னு வந்து சொல்லுங்க. பேரை இங்கே கீழே எழுதாதீங்க, நேரில் சொல்லுங்க.

போன வாரம் கிளம்பும்போது பாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு, "அடுத்த வாரமும் வருவீங்களாய்யா?" என்று கேட்டாங்க. "வருவோம் பாட்டி"ன்னு சொன்னோம். அடுத்த வாரம் நிச்சயம் போவோம். அடுத்த வருஷம்? எங்க எல்லாருக்கும் வேலை இருக்கு, குடும்பம் இருக்கு. ஒரு பாட்டியின் உயிர் எங்க ஓய்வு நேரத்தை நம்பி இருக்கக் கூடாது. அதுக்காகத்தான் இவ்வளவும் எழுதினோம்.

சரின்னு பட்டா உங்க கோயில் குழுவில் பகிருங்க. தப்புன்னா வந்து சொல்லுங்க, பேசுவோம்.