பாடு யாருக்கு, பாடுபடுவது யார்?

அரக்கோணத்துக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். நம் காவேரிப்பாக்கம் ஏரியின் உபரிநீர் கொசஸ்தலை ஆற்றில் சேர்ந்து எண்ணூரில் கடலில் கலக்கிறது. அதற்கு வடக்கே பழவேற்காடு ஏரி. சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. அங்கே நடப்பது நம் ஊர் ஏரிக்கரைக்கும் பொருந்தும் என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

பழவேற்காட்டில் 'பாடு' என்றொரு முறை உண்டு. இறால் அதிகம் கிடைக்கும் இடங்களை, சீட்டுக் குலுக்கி, முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். இன்று எனக்கு நல்ல இடம் என்றால் நாளை உனக்கு. ஏரியை ஒருவரே சுரண்டிவிடாமல் காக்கும் இந்த ஏற்பாட்டை ஆய்வாளர்கள் பாராட்டியிருக்கிறார்கள். பாராட்டு நியாயமானதுதான். ஆனால், அந்தச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது? குறிப்பிட்ட சில குப்பங்களைச் சேர்ந்த பட்டினவர் சமூக ஆண்களின் பெயர் மட்டும். ஏரியை நம்பிப் பிழைக்கும் தலித்துகளின் பெயர் இல்லை. சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களின் பெயரும் இல்லை.

இப்போது ஏரியே மாறிவருகிறது. முகத்துவாரத்தில் மணல் சேர்கிறது. ஆற்று நன்னீர் குறைகிறது. எண்ணூர், காட்டுப்பள்ளிப் பகுதியில் துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் வந்துவிட்டன. இறால் குறையக் குறைய, இருப்பவர்கள் தங்கள் பங்கை இறுக்கிப் பிடிக்கிறார்கள். அவர்களும் ஏழைகள்தாம், அவர்களின் அச்சம் நமக்குப் புரிகிறது. ஆனால், மீன் குறைந்ததற்கான விலையை முதலில் கொடுப்பவர் பட்டியலில் இல்லாதவர்தான்.

2004 சுனாமியில் இதையே நாகப்பட்டினத்தில் பார்த்தோம். நிவாரணத்தின் பெரும்பகுதி மீனவர் பஞ்சாயத்துகள் வழியே போனது. படகு இழந்தவர் கணக்கில் வந்தார். கரையில் கூலி வேலை பார்த்த தலித்தும், உப்புநீர் புகுந்த வயலில் வேலை இழந்தவரும் பல இடங்களில் கணக்கிலேயே வரவில்லை.

சரி, நம் ஏரிகளில் என்ன நிலை? 2000-ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டப்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் உறுப்பினராக நிலம் வேண்டும். ஏரியில் தண்ணீர் இருந்தால் நடவும் களையும் சேரிக்கு வேலை. வற்றினால் முதலில் பட்டினி கிடப்பதும் சேரிதான். ஆனாலும் மதகைத் திறக்கும் முடிவில் நமக்கு வாக்கு இல்லை. கடற்கரையில் சாதி அடைத்த வாசலை இங்கே பட்டா அடைக்கிறது. பட்டா யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், அங்கேயும் சாதிதான் வந்து நிற்கும்.

காலநிலை மாறுகிறது, நிர்வாகமும் மாற வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். வாசலைத் திறக்காமல் விதிகளை மட்டும் திருத்துவது மாற்றம் ஆகாது. நாம் கேட்பது இரண்டு. உழைப்பின் அடிப்படையில் உரிமைப் பட்டியல் வேண்டும்: நீரை நம்பிப் பிழைப்பவர், பெண்கள் உட்பட, அனைவரும் உறுப்பினர். ஏரி மீன் குத்தகை விடும்போது நிலமற்ற தலித், இருளர் குழுக்களுக்கு முன்னுரிமை வேண்டும்.

1927 மார்ச் 20 அன்று மகாத் குளத்தில் இறங்கி, பொதுநீர் எல்லோருக்கும் பொது என்று காட்டினார் அண்ணல் அம்பேத்கர். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளில் நம் ஊராட்சிகளில் கிராமசபை கூடுகிறது. மாணவர்களே, உங்கள் ஊர் ஏரியின் சங்கத்தில் யார் யார் உறுப்பினர் என்று அன்று எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.