சண்டை போடட்டும், ஓட்டை எண்ணட்டும்

ஒரு கட்சியில் இரண்டு பேர் தலைமைக்கு மோதினால் ‘உட்கட்சிப் பூசல்’ என்று முகம் சுளிக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதவிக்கு இருவர் ஆசைப்படுவதில் குற்றமே கிடையாது. அந்தப் போட்டியை முடித்துவைக்கும் அதிகாரம் சாதாரண உறுப்பினர் கையில் இல்லாததுதான் குற்றம்.

தாம்பரம் ரயில்வே கார் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். 2007லும் 2013லும் நடந்த தொழிற்சங்க அங்கீகாரத் தேர்தல்களில் ரகசிய வாக்குச்சீட்டில் ஓட்டுப் போட்டிருக்கிறேன். ஷிப்ட் தொடங்கும் முன்னே வாயிற்கூட்டம் நடக்கும். ஒரு சங்கத்துக்காரர் மைக் பிடித்தால் அடுத்த சங்கத்தின் பழைய கணக்கையெல்லாம் கிழித்துத் தொங்கவிடுவார். ஒரே வண்டிக்கு அடியில் வேலை செய்கிறவர்கள் முகம் கொடுத்துப் பேசாத நாட்களும் உண்டு. ஓட்டு எண்ணி முடிந்ததும் தோற்ற தரப்பு முடிவை ஏற்றுக்கொண்டது. தீர்ப்புச் சொன்னவர்கள் கூட வேலை செய்கிற ஆட்கள் என்பதால் அதை மறுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

இந்த உரிமை கட்சித் தொண்டனுக்கு ஏன் இல்லை? 2022 ஜூன், ஜூலை மாதங்களை நினைத்துப் பாருங்கள். பெருங்களத்தூரிலிருந்து பல்லாவரம் வரை ஜி.எஸ்.டி. சாலைச் சுவர்களில் அ.தி.மு.க.வுக்கு ‘ஒற்றைத் தலைமை’ கேட்கும் சுவரொட்டிகள். ஜூலை 11 காலையில் தென் மாவட்டத்துக் கார்கள் கொடி கட்டிக்கொண்டு பைபாஸ் வழியாக வானகரத்துக்குப் பறந்தன. அங்கே அ.தி.மு.க. பொதுக்குழு எடப்பாடி பழனிசாமியை இடைக்காலப் பொதுச் செயலாளராக்கி, ஓ. பன்னீர்செல்வத்தை நீக்கியது. அதே நேரத்தில் ராயப்பேட்டைத் தலைமை அலுவலகத்தின் முன் இரு தரப்பும் மோதின. கல் பறந்தது, வாகனங்கள் நொறுங்கின. அலுவலகத்துக்கு வருவாய்த் துறை சீல் வைத்தது.

பிறகு வழக்கு. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி ஒரு பக்கமாகவும், இரு நீதிபதிகள் அமர்வு மறுபக்கமாகவும் தீர்ப்பளித்தனர். 2023 பிப்ரவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பொதுக்குழு செல்லும் என்றது. ‘ஒன்றரைக் கோடித் தொண்டர்கள்’ என்று மேடைதோறும் முழங்கிய கட்சியின் தலைமையை முடிவு செய்ய, விரல் விட்டு எண்ணக்கூடிய நீதிபதிகள் தேவைப்பட்டார்கள்.

எங்கள் பக்கத்துப் பரங்கிமலைத் தொகுதிதான் 1967லும் 1971லும் எம்.ஜி.ஆரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 1972இல் அவர் தொடங்கிய கட்சியின் விதி, பொதுச் செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. 2022இல் அதே விதியோடு நிபந்தனைகளும் சேர்ந்தன: பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், பத்துப் பேர் வழிமொழிய வேண்டும், ஐந்தாண்டு தலைமைக் கழக நிர்வாகியாக இருந்திருக்க வேண்டும். 2023 மார்ச்சில் களத்தில் ஒரே வேட்பாளர். தொண்டன் கைக்கு வாக்குச்சீட்டு வரவேயில்லை. ஒரு கட்சியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. தி.மு.க.விலும் 2018இல் மு.க. ஸ்டாலின் போட்டியின்றித்தான் தலைவரானார்.

வெளிப்படையாகப் போட்டி வைத்தால் கட்சி உடைந்துவிடும் என்பார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1954இல் ராஜாஜி விலகியபோது காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைமைக்குக் காமராஜரும் சி. சுப்பிரமணியமும் நேருக்கு நேர் நின்றார்கள். காமராஜருக்கு 93 வாக்கு, சுப்பிரமணியத்துக்கு 41. வென்றவர் அமைத்த எட்டுப் பேர் அமைச்சரவையில் சுப்பிரமணியமும் இருந்தார், அவரை முன்மொழிந்த பக்தவத்சலமும் இருந்தார். எத்தனை பேர் தன்னை ஏற்கவில்லை என்பது எண்ணிக்கையாகத் தெரிந்திருந்ததால்தான் அவர்களை அரவணைக்க வேண்டும் என்பதும் காமராஜருக்குத் தெரிந்தது. 2022 அக்டோபரில் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் மல்லிகார்ஜுன கார்கே 7,897 வாக்கு பெற்றார்; சசி தரூர் 1,072. முறைகேடு என்று தரூர் தரப்பு புகார் எழுப்பியது. ஆனாலும் அடுத்த ஆண்டே அவர் காரியக் கமிட்டியில் இடம்பெற்றார்.

வாக்கெடுப்பு வைத்தால் நல்ல தலைவர்தான் வருவார் என்று நான் சொல்லவில்லை. 2022 செப்டம்பரில் பிரிட்டன் கன்சர்வேடிவ் உறுப்பினர்கள் ரிஷி சுனக்கைவிட லிஸ் டிரஸ்ஸுக்கு அதிக வாக்களித்தார்கள். ஐம்பது நாள்கூட அவர் ஆட்சி நிலைக்கவில்லை. ஆனால் தவறைத் திருத்த அந்தக் கட்சிக்கு வழி இருந்தது. தோற்ற சுனக் கட்சிக்குள்ளேயே இருந்தார், அக்டோபரில் பிரதமரானார். நம் ஊரில் தோற்றவருக்கு மிஞ்சுவது நீக்கம், தனி அணி, சின்னத்துக்கு வழக்கு.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு கட்சிகளைப் பதிவு செய்யச் சொல்கிறது. தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை வகுக்கவில்லை. அந்தக் குறையை நாடாளுமன்றம் தீர்க்க வேண்டும். கிளைவாரியாக உறுப்பினர் பட்டியலை வெளியிடுவதும், ரகசிய வாக்கெடுப்பும், கட்சிக்கு வெளியே உள்ள ஒருவரின் மேற்பார்வையும் கட்டாயமாக்கப்பட வேண்டும். போலி உறுப்பினர், பணப் பட்டுவாடா என்ற பயம் எனக்கும் உண்டு. பொதுத்தேர்தலிலும் அவை இருக்கின்றன. அதற்காக வாக்குச்சாவடியை யாரும் இழுத்து மூடுவதில்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தாம்பரம் மாநகராட்சியில் 70 வார்டுகள். அடுத்த தேர்தலுக்கான வேட்பாளரை அந்தந்த வார்டின் கட்சி உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கட்டும். சேலையூரில் யார் நிற்க வேண்டும் என்பது சேலையூரில் போஸ்டர் ஒட்டி, பூத்தில் உட்கார்ந்து, வெள்ளம் வந்தால் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்குகிற தொண்டனுக்குத் தெரியும். அவனுக்கு முதலில் அந்த ஓட்டைக் கொடுங்கள். தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவனே கேட்டு வாங்குவான்.