பணம் வந்ததால் கெட்டதா, பங்கு கேட்டதால் கெட்டதா?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைப் பற்றி ரசிகர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இப்போது ஒரே புலம்பல்தான்: “பணம் வந்தது, ஆட்டம் கெட்டது.” வீரர்கள் சம்பளம் கேட்கிறார்களாம், வருடத்துக்கு ஒரு கல்லூரி மாறுகிறார்களாம், விசுவாசமே இல்லையாம். மார்ச் மாதப் போட்டிகளைப் பல வருடங்களாக விடாமல் பார்க்கும் ரசிகை நான். இந்தப் புலம்பலில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் பெரும்பகுதி பொய்.

முதலில் பொய்யைப் பார்ப்போம். பணம் நேற்று வந்ததல்ல. மார்ச் போட்டிகளை ஒளிபரப்ப சிபிஎஸ், டர்னர் நிறுவனங்கள் 2010இல் போட்ட ஒப்பந்தம் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலர். 2016இல் அதை 2032 வரை நீட்டித்தார்கள். அதற்கு இன்னொரு 880 கோடி டாலர். பயிற்சியாளர்கள் வருடத்துக்குப் பல லட்சம் டாலர் வாங்கினார்கள். ஆடியவர்களுக்குக் கிடைத்தது படிப்பு உதவித்தொகை மட்டும். 2014இல் கனெக்டிகட் அணிக்குக் கோப்பை வாங்கித் தந்த ஷபாஸ் நேப்பியர், பசியோடு படுத்த இரவுகள் உண்டு என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அதன் பிறகுதான் சாப்பாட்டுக்கு இருந்த கட்டுப்பாட்டை என்சிஏஏ நீக்கியது.

இத்தனை காலம் இது எப்படி நடந்தது? ஒரு பெயரை வைத்துத்தான் நடந்தது. 1955இல் கொலராடோவில் ரே டென்னிசன் என்ற கல்லூரி வீரர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டார். அவர் கல்லூரியின் தொழிலாளி அல்ல என்று 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ‘மாணவ விளையாட்டு வீரர்’ என்ற சொல் அந்தக் காலத்தில் உருவானதுதான். வீரர்களைத் தொழிலாளர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே அந்தச் சொல்லைப் புகுத்தினோம் என்று, என்சிஏஏவை 1951 முதல் நடத்திய வால்டர் பையர்ஸ் 1995இல் தன் புத்தகத்தில் எழுதினார். ஒரு பெயரை யார் வைத்தார்கள், எந்த உரிமையை மறுக்க வைத்தார்கள் என்று கேட்கப் பழகியவர்கள் நாம். இதைப் புரிந்துகொள்ள நமக்கு நேரம் பிடிக்காது. முன்னணி ஆண்கள் அணிகளில் ஆடுகிறவர்களில் பெரும்பான்மை கறுப்பின இளைஞர்கள், அவர்களை நிர்வகிப்பவர்களில் பெரும்பான்மை வெள்ளையர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்று வீரர்கள் வாங்கும் பணம் யாரும் கருணையோடு கொடுத்ததல்ல. 1995இல் யுசிஎல்ஏவுக்காகக் கோப்பை வென்ற எட் ஓபேனன், ஒரு வீடியோ கேமில் தன்னைப் போலவே ஓர் உருவம் ஆடுவதைப் பார்த்தார். அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை, காசும் தரவில்லை. 2009இல் வழக்குப் போட்டார். 2021இல் ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த சில நாட்களில், தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க வீரர்களுக்கு அனுமதி கிடைத்தது. 2025 ஜூனில் ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிமன்றம் ஏற்றது. அதன்படி முன்னாள் வீரர்களுக்கு 10 ஆண்டுகளில் சுமார் 280 கோடி டாலர். கல்லூரிகளும் முதல் வருடத்தில் சுமார் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம்.

விசுவாசப் பேச்சுக்கு வருவோம். ஜான் கலிபாரி என்ற புகழ்பெற்ற பயிற்சியாளர் மாசசூசெட்ஸ், மெம்பிஸ், கென்டக்கி, ஆர்கன்சா என்று மாறிக்கொண்டே போனார். முதல் இரண்டு இடங்களிலும் அவர் அணி பெற்ற வெற்றிகள் சிலவற்றை என்சிஏஏ பின்னால் ரத்து செய்தது. அப்போது அவர் அடுத்த வேலையில் இருந்தார். ஆனால் 2021 வரை ஒரு வீரர் கல்லூரி மாறினால் பொதுவாக ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். பயிற்சியாளர் மாறினால் முன்னேற்றம், வீரர் மாறினால் துரோகமா?

இனி உண்மையான பகுதி. 2022இல் ஜெர்சி சிட்டியின் சிறிய கல்லூரியான செயின்ட் பீட்டர்ஸ், கென்டக்கியை வீழ்த்தி, 15ஆம் தரவரிசையிலிருந்து கடைசி எட்டுக்குள் வந்த முதல் அணியானது. சில நாட்களில் பயிற்சியாளர் வேறு கல்லூரிக்குப் போனார், முக்கிய வீரர்கள் பலரும் கிளம்பினார்கள். 2025இல் கடைசி பதினாறில் வந்த அணிகள் எல்லாமே நான்கே நான்கு பெரிய லீக்குகளைச் சேர்ந்தவை. சிறிய கல்லூரி ஆளை வளர்க்கிறது, பெரிய கல்லூரி விலைக்கு வாங்குகிறது. எனக்கும் இது வலிக்கிறது. சிறிய அணி பெரிய அணியைச் சாய்ப்பதைப் பார்க்கத்தான் நான் தூக்கம் கெட்டு உட்காருகிறேன்.

ஆனால் இதற்குத் தீர்வு மறுபடி கட்டிப்போடுவது அல்ல. பணம் கொடுக்கிறார்கள், தொழிலாளர் என்று மட்டும் ஏற்க மறுக்கிறார்கள். அதனால் சங்கம் இல்லை, கூட்டுப் பேரம் இல்லை. ஒவ்வொரு பையனும் தனியாக நின்று விலை பேச வேண்டியிருக்கிறது. 2024 மார்ச்சில் டார்ட்மத் கல்லூரி வீரர்கள் 13க்கு 2 என்று சங்கத்துக்கு வாக்களித்தார்கள். கல்லூரி பேச மறுத்தது. வருடக் கடைசியில் மனுவைத் திரும்பப் பெற்றார்கள். என்பிஏவில் சங்கம் இருக்கிறது, பல வருட ஒப்பந்தம் இருக்கிறது; அங்கே ஆட்டம் செத்துப்போகவில்லையே.

பெண்களின் நிலையையும் பாருங்கள். 2024 இறுதி ஆட்டத்தில் ஆண்களைவிடப் பெண்களின் ஆட்டத்தைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள். ஆனாலும் போட்டியில் வென்றால் அணிகளுக்குப் பணம் என்ற ஏற்பாடு பெண்களுக்கு 2025இல்தான் வந்தது.

எனக்குப் பெரிய கவலை இதற்கும் கீழே, சிறுவர்கள் ஆடும் இடத்தில் இருக்கிறது. நைக்கி, அடிடாஸ் போன்ற நிறுவனங்கள் நடத்தும் கோடைகாலத் தொடர்களில் இடம் பிடித்த சிலருக்குச் செலவை நிறுவனங்களே ஏற்கும். மற்ற பிள்ளைகளுக்குக் கிளப் கட்டணம், பயணம், ஹோட்டல், எல்லாமே பெற்றோர் பணம். ஒரு பிள்ளையின் முக்கிய விளையாட்டுக்குக் குடும்பம் வருடத்துக்குச் சராசரியாக 1,016 டாலர் செலவழிக்கிறது, இது 2019ஐவிட 46 சதவீதம் அதிகம் என்கிறது ஆஸ்பன் இன்ஸ்டிடியூட்டின் 2024 கணக்கெடுப்பு. ஒரு பந்தும் தெருமுனைக் கோர்ட்டும் போதும் என்றிருந்த ஆட்டம் இது. கல்லூரிகளும் இப்போது 18 வயதுப் பையனைவிட, வேறு கல்லூரியில் தேர்ந்த 22 வயதுக்காரனைத்தான் தேடுகின்றன. வீட்டில் காசில்லாத, தாமதமாக வளரும் பிள்ளைக்குக் கதவு இரண்டு பக்கமும் மூடுகிறது.

பணம் ஆட்டத்தைக் கெடுத்தது என்று யாராவது சொன்னால் கேளுங்கள்: எந்த வருடத்துப் பணம்? யார் கையில் இருந்த பணம்? வீரர்களைத் தொழிலாளர் என்று ஏற்கட்டும், சங்கத்தோடு உட்கார்ந்து ஒப்பந்தம் பேசட்டும். ஒளிபரப்பில் வரும் கோடிகளில் ஒரு பங்கு பொதுப் பள்ளிகளின் கோர்ட்டுகளுக்குப் போகட்டும். அதைக் கேட்காமல் பழைய காலம் பொற்காலம் என்று பேசுகிறவர்கள், நேப்பியர் பசியோடு படுத்த இரவுகளையும் அதில் சேர்த்துப் பேச வேண்டும்.