கெப்சூலை நம்பி இன்ஹேலரை நிறுத்தாதீர்கள்



ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் இப்போது குவெர்செட்டின் கெப்சூல் வியாபாரம் சூடு பிடித்திருக்கிறது. "இயற்கை மருந்து, பக்கவிளைவே இல்லை, வீசிங் அடியோடு போகும்" என்கிறார்கள். அதை நம்பிப் பிள்ளையின் இன்ஹேலரை நிறுத்துகிறார்களே, அதைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

குவெர்செட்டின் ஒன்றும் புதினமில்லை. வெங்காயத்திலும் முருங்கை இலையிலும் இருப்பதுதான். ஒவ்வாமையைக் கிளப்பும் ஹிஸ்டமின் வெளிவருவதை அது தடுப்பதை ஆய்வுகூடத்தில், கலங்களில் கண்டிருக்கிறார்கள். ஆனால் விழுங்கினால் உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் உறிஞ்சும். பிள்ளைகளின் ஆஸ்துமாவை அது குணமாக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை.

இயற்கையென்றால் தீங்கே இல்லையா? காஞ்சோண்டியும் இயற்கைதான்; தொட்டுப் பாருங்கள்.

"இன்ஹேலர் பழகிவிடும்" என்பது அடுத்த கதை. வைத்தியர் தினமும் எடுக்கச் சொல்லும் கபில நிற இன்ஹேலர் மூச்சுக்குழாயின் அழற்சியைத் தணிக்கிறது. மருந்தின் அளவு மைக்ரோகிராமில்தான். முட்டு வரும்போது குழாயை விரிப்பது நீல நிறம். இந்த இரண்டு வேலைக்கும் கெப்சூல் ஈடாகாது. அரச ஆஸ்பத்திரி கிளினிக்கில் இலவசமாகத் தருவதை விட்டுவிட்டு இதற்குக் காசைக் கொட்டுவதா?

விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: நடுச்சாமத்தில் பிள்ளைக்கு மூச்சு முட்டினால் நீங்கள் வருவீர்களா? வகுப்பில் முட்டினால் தாங்கிப் பிடிப்பது ஆசிரியர்களாகிய நாங்கள். அப்போது புத்தகப் பையில் நீல இன்ஹேலர் இருக்க வேண்டும்.

உம்மாமாரே, வாப்பாமாரே, வைத்தியரைக் கேளாமல் எதையும் நிறுத்தாதீர்கள். கெப்சூல் விளம்பரம் வந்த குழுமங்களிலேயே இதையும் பகிருங்கள்.