கடைசியாக வருகிறவரின் வேகம்தான் நமது வேகம்



உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. நமது ஊர் சைக்கிள் கழகத்தைப் பற்றியது. கழகத்தில் இல்லாதவர்களும் வாசியுங்கள். விடயம் சைக்கிளோடு மட்டும் முடிவதில்லை.

வட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக நடக்கும் வாக்குவாதத்தைப் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அடுத்த மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்கு மூன்று நிபந்தனை போடலாம் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். ஒன்று, எல்லோரும் கழக ஜேர்சி போட வேண்டும். இரண்டு, கியர் சைக்கிள் இருக்க வேண்டும். மூன்று, மணிக்கு 25 கிலோமீற்றர் சராசரி வேகத்தில் வர முடியாதவர்கள் வர வேண்டாம்.

கேட்டவர்களில் இரண்டு பேர் என்னிடம் படித்த பிள்ளைகள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கழகம் வளர வேண்டும், மாவட்டப் போட்டிக்குப் போக வேண்டும் என்ற ஆசையில்தான் கேட்கிறார்கள். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் மூன்று நிபந்தனையையும் எதிர்க்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

இந்தக் கழகம் எப்படித் தொடங்கியது என்பதை நாம் மறந்துவிட்டோம். 2022ஆம் ஆண்டு. பெற்றோல் வரிசையில் இரண்டு நாள், மூன்று நாள் என்று கிடந்த காலம். ஜூன் மாதக் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. ஜூலை 25ஆம் திகதி பாடசாலை திறந்தபோது வாரத்தில் மூன்று நாள்தான் வகுப்பு. அந்த மூன்று நாளும் போய்ச் சேர்வதே பெரும்பாடு. எனது பாடசாலை வீட்டிலிருந்து 9 கிலோமீற்றர். மோட்டார் சைக்கிளைத் திண்ணையில் சாத்திவிட்டு, வாப்பாவின் பழைய சைக்கிளைக் கோடிப்புறத்திலிருந்து இழுத்தெடுத்தேன். இரண்டு டயரும் வெடித்துப் போயிருந்தது. சங்கிலி துருப்பிடித்திருந்தது. திருத்தக் கொண்டுபோனால் கடையில் எனக்கு முன்னால் பதினைந்து சைக்கிள் வரிசையில் நின்றது.

முதல் நாள் தனியாகத்தான் போனேன். இரண்டாம் நாள் சந்தியில் இன்னொரு ஆசிரியர் சேர்ந்துகொண்டார். பிறகு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் தாதி உத்தியோகத்தர் ஒருவர், வங்கியில் வேலை செய்யும் தம்பி ஒருவர், மீன் பெட்டியைக் கெரியரில் கட்டிக்கொண்டு போகும் காக்கா ஒருவர். ஒரே நேரத்தில் ஒரே வீதியில் போனதால் கதைத்துக்கொண்டே போனோம். ஒருவருக்கு டியூப் காற்றுப் போனால் எல்லோரும் இறங்கி நின்றோம். பம்ப் ஒன்றுதான் இருந்தது. அதுவும் மீன் காக்காவுடையது.

கியூஆர் வந்து வரிசை குறைந்த பிறகும் சைக்கிளை விட மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சுபஹ் தொழுதுவிட்டுப் பள்ளி முன்றலிலிருந்து கிளம்புவது என்று முடிவு செய்தோம். அதுதான் கழகம். அன்று யாரும் யாரிடமும் சராசரி வேகம் கேட்கவில்லை.

இனி, நடந்ததைச் சொல்கிறேன். இதில் என் பிழையும் இருக்கிறது.

போன ஓகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறு. காரைதீவுச் சந்தியால் திரும்பி, மாவடிப்பள்ளி, சம்மாந்துறை வழியாக அம்பாறை வரை போவது திட்டம். பத்தொன்பது பேர் வந்தார்கள். அதில் ஒருவர் அறுபது தாண்டிய காக்கா. முன்பு கரைவலையில் வேலை செய்தவர். சீனி வருத்தம் இருக்கிறது. உடம்பை அசைக்கச் சொல்லி டொக்டர் சொன்னதால் கழகத்தில் சேர்ந்தவர். அவருடைய சைக்கிள் கியர் இல்லாத லுமாலா.

மேற்கே போகும்போது கச்சான் முகத்தில் அடிக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். வழமையாகக் காலை வெயில் ஏறிய பிறகுதான் கச்சான் கிளம்பும். அன்று விடியும்போதே வீசியது. மாவடிப்பள்ளிப் பாலம் தாண்டியதும் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. முன்னால் ஒன்பது பேர். நானும் அதில் ஒருவன். திரும்பிப் பார்த்தேன். காக்கா தூரத்தில் சின்னதாகத் தெரிந்தார். கையைக் காட்டினார். "போங்க, நான் வாறன்" என்று அர்த்தம் எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

நடுவில் வந்தவர்களும் அவரைத் தாண்டி வந்துவிட்டார்கள். அம்பாறையில் தேநீர் குடித்து, படம் எடுத்து, முகநூலில் போட்டு, எத்தனை பேர் லைக் போட்டார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் போன் அடித்தது. "சேர், டியூப் காத்துப் போயிற்று. நான் ஒரு மணித்தியாலமா இதில நிக்கிறன். கோவிக்காதீங்க, வேற நம்பர் என்னிட்ட இல்ல."

அவர் நின்றது வயல் நடுவில். சிறுபோக அறுவடை முடிந்த நேரம். அறுவடை முடிந்த வயல்களில் அந்தப் பக்கம் யானைகள் இறங்குவது நமக்குப் புதினமில்லை. சீனி வருத்தக்காரர், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தார். அந்த வழியால் வந்த ஒரு லேண்ட்மாஸ்டர்காரத் தம்பிதான் சைக்கிளையும் அவரையும் ஏற்றிக் கொண்டுவந்து சம்மாந்துறையில் விட்டார். அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒன்றும் ஆகாதது நமது திறமையால் இல்லை.

அந்தப் படத்தில் பதினெட்டுப் பேர் நிற்கிறோம். பத்தொன்பதாவது ஆளை யாரும் எண்ணவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை குறைந்தாலும் மணி அடிப்பதற்குள் கண்டுபிடிக்கிறவன் நான். எனக்கே அன்று எண்ணத் தோன்றவில்லை.

அந்த ஞாயிறுக்குப் பிறகு காக்கா வரவில்லை. யாரும் வரச் சொல்லவும் இல்லை. இப்போது அவரைப் போன்றவர்கள் வரவே கூடாது என்று சட்டம் போடப் போகிறோம். அவரை விட்டுவிட்டு வந்த நாம் திருந்துவதற்குப் பதிலாக, விடப்பட்டவரைப் பட்டியலிலிருந்து எடுக்கிறோம்.

நபி (ஸல்) அவர்கள் பயணத்தில் எப்படி வந்தார்கள் என்று ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவித்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது. கூட்டத்தின் பின்னால் வருவார்கள். பலவீனமானவர்களின் வாகனத்தை முன்னே செலுத்திவிடுவார்கள். நடக்க முடியாதவரைத் தமக்குப் பின்னால் ஏற்றிக்கொள்வார்கள். அவர்களுக்காகத் துஆச் செய்வார்கள். கூட்டத்தின் தலைவருடைய இடம் எது என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

சைக்கிள் ஓட்டத்தின் விஞ்ஞானமும் இதற்கு ஒத்துத்தான் வருகிறது. முன்னால் போகிறவர்தான் காற்றோடு மோதுகிறார். அவருக்குப் பின்னால் நெருக்கமாக வருகிறவருக்கு நூற்றுக்கு இருபது, முப்பது வீதம்வரை உழைப்பு மிச்சமாகும். போட்டிக்காரர்கள் வரிசையாகப் போவது இதனால்தான். அப்படியானால் கச்சான் அடிக்கிற நாளில் நமது பலசாலிகள் எங்கே இருக்க வேண்டும்? காக்காவுக்கு முன்னால். ஒரு கிலோமீற்றர் முன்னால் இல்லை, ஒரு சைக்கிள் முன்னால். இளந்தாரிகளின் காலில் உள்ள பலம் மெதுவாக வருகிறவருக்கு நேரடியாக உதவக்கூடிய ஒன்று. அதை அவரிடமிருந்து தப்பி ஓடுவதற்கு நாம் செலவழிக்கிறோம்.

அடுத்தது ஜேர்சி. ஒன்றுக்கு 3500 ரூபாய் என்கிறார்கள். எனக்கும் வங்கித் தம்பிக்கும் பெரிய காசில்லை. கூலி வேலைக்குப் போகும் ஒருவருக்கு அது வீட்டுச் சாமான் காசு. "காசில்லாதவர்களுக்கு நாங்கள் வாங்கித் தருவோம்" என்று ஒரு சகோதரர் எழுதியிருந்தார். நல்ல மனம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் ஓடுவதற்காக ஒருவர் தன் வறுமையைக் கமிட்டியிடம் சொல்ல வேண்டுமா? இருட்டில் பின்னால் வரும் பஸ்காரனுக்கு நாம் தெரிய வேண்டும் என்பதுதான் கவலை என்றால், வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டி ஒன்றும் பின்னால் ஒரு சிவப்பு லைட்டும் போதும். அதைக் கட்டாயமாக்குங்கள், நான் முதல் ஆளாகக் கை தூக்குகிறேன்.

இந்தக் கழகம் நமக்கு என்ன தந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஞாயிறு காலை காரைதீவில் நாம் பிளேன்டீ குடிக்கும் கடை ஐயா, இரண்டு வாரம் நாம் வராவிட்டால் "என்ன, உங்கட ஆக்களுக்குச் சுகமில்லையா?" என்று போன் எடுத்துக் கேட்கிறார். 2019க்குப் பிறகு அந்தச் சந்தியில் இறங்கி நின்று கதைக்கவே நாமும் தயங்கினோம், அவர்களும் தயங்கினார்கள். கூட்டம் எதுவும் போடாமல், ஒரு தேநீரில் அந்தத் தயக்கம் போனது. வேகமாகப் போகிற கூட்டம் அந்தக் கடையைத் தாண்டிப் போய்விடும். இப்போதே போகிறது. சராசரி குறைந்துவிடுமாம். ஸ்ட்ராவாவில் கோடு அழகாக வராதாம்.

பழைய சைக்கிள் பதினொன்றைத் திருத்திப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோமே, அது யாருடைய கை? பெரும்பாலும் இந்தக் காக்காவுடைய கை. பள்ளி முன்றலில் சாக்கை விரித்து உட்கார்ந்து, சொலிசன் பூசி, ரிம் நிமிர்த்தி, பிரேக் கட்டை மாற்றியவர் அவர். அதில் ஒரு சைக்கிளில் வரும் பிள்ளை என் வகுப்பில் இருக்கிறது. முன்பு முதலாம் பாடம் முடிந்த பிறகு வரும். இப்போது எனக்கு முன்னால் வந்து நிற்கிறது.

ஆரோக்கியம் என்று பார்த்தாலும் இதே கதைதான். பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் ஊரில் சீனி வருத்தம், பிரசர் இல்லாத வீடு எத்தனை? மணிக்கு 25 ஓடக்கூடிய தம்பிக்கு மருந்தாகச் சைக்கிள் தேவையில்லை. 14, 15இல் மூச்சு வாங்க மிதிக்கும் காக்காவுக்குத்தான் தேவை. அவரை வெளியே நிறுத்திவிட்டு "ஆரோக்கியமான சமூகம்" என்று பதாகை கட்டினால் அது யாருக்கு?

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஓடக்கூடியவனை எப்போதும் கட்டிப் பிடித்து வைப்பது சரியில்லை. பதினெட்டு வயதில் வேகம் ஒரு சந்தோசம். மோட்டார் சைக்கிளில் தேடும் வேகத்தை அவன் சொந்தக் காலில் தேடினால் அது நமக்கு நிம்மதி. அதனால் புதன்கிழமை காலையில் பயிற்சி ஓட்டம் வையுங்கள். ஒலுவில் வெளிச்சவீடு வரை போய் வாருங்கள். நேரம் பிடியுங்கள், போட்டிக்குத் தயாராகுங்கள். கழகக் காசில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்குவதற்கும் நான் சம்மதம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேறு. ஞாயிறு ஊருக்குரியது.

ஞாயிறுக்கு என் யோசனை இவ்வளவுதான்:

கிளம்பும்போது எண்ணுவோம், திரும்பும்போதும் எண்ணுவோம்.

பம்ப், சொலிசன், ஒரு டியூப், ஒரு போத்தல் தண்ணீர், கொஞ்சம் பேரீச்சம்பழம் இவற்றோடு ஒருவர் கடைசியில் வருவார். அவருக்குப் பின்னால் நம்மில் யாரும் இருக்கக் கூடாது. அந்தப் பொறுப்பு முறைவைத்து மாறட்டும். நல்லாக ஓடக்கூடியவருக்கே அதைக் கொடுப்போம்.

காரைதீவுச் சந்தி, மாவடிப்பள்ளிப் பாலம், சம்மாந்துறை என்று மூன்று இடத்தில் எல்லோரும் வரும்வரை நிற்போம். பிரதான வீதியில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போவோம்.

எல்லோருடைய நம்பரும் எல்லோரிடமும் இருக்க வேண்டும்.

கடைசி ஆள் வந்து சேரும்வரை யாரும் படம் எடுக்கக் கூடாது.

நேற்று அஸருக்குப் பிறகு காக்காவின் வீட்டுக்குப் போனேன். ஐந்து மாதம் கழித்து, வெட்கத்தோடுதான் போனேன். சைக்கிள் மாமரத்தடியில் நின்றது. துடைத்து வைத்திருந்தார். டயரில் காற்று இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "அதுக்கென்ன சேர். நான் வந்தா உங்கட புள்ளைகளுக்குக் கரைச்சல். அவங்க ஓடட்டும்" என்றார்.

கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தான் ஒரு கரைச்சல் என்று ஒரு பெரிய மனிதரை நம்ப வைத்திருக்கிறோம். அதை நிபந்தனை போட்டு உறுதிப்படுத்தவும் போகிறோம்.

வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு கூட்டம். அங்கத்தவர்கள் அனைவரும் வாருங்கள். எனக்கு எதிராகப் பேசுவதற்காகவாவது வாருங்கள். முடிவு எதுவாக இருந்தாலும், இந்த ஞாயிறு நான் பின்னால்தான் வருவேன். காக்காவிடம் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். "பாப்பம்" என்றார். இன்ஷா அல்லாஹ், வருவார் என்று நினைக்கிறேன்.