கோழிக்குச் சொன்ன வானிலை

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வானிலை மையம் வெளியிடும் முன்னறிவிப்பு எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் வழக்கமான செய்தி. வெயில் எவ்வளவு, மழை உண்டா என்பதோடு பண்ணையாளர்களுக்கு அறிவுரையும் இருக்கும்: கோழிகளுக்கு வெப்ப அயற்சி வரலாம், தீவனத்தில் இன்னதைச் சேருங்கள். கோழிமேல் எனக்குப் பொறாமை இல்லை. கொஞ்சம் உண்டு.

என் அம்மா ராசிபுரம் பக்கம் ஒரு சேகோ ஆலையில் களத்து வேலை செய்தவர். குச்சிக்கிழங்கு மாவைச் சிமெண்ட் களத்தில் பரப்பி, கிளறி, காய்ந்ததும் அள்ள வேண்டும். நிழலில் மாவு காயாது. அதனால் களத்தில் நிழலே கிடையாது. சித்திரையில் மத்தியானம்வரை கொளுத்திவிட்டு மூன்று மணிக்கு மேல் இடி இறங்கும். "மானம் கருக்குது புள்ள" என்று ஒருத்தி கத்தினால் எல்லாரும் ஓடி வாரிக் குவித்துத் தார்ப்பாய் போடுவார்கள். நனைந்தால் மாவின் நிறம் கெடும், விலை இறங்கும். காலையிலேயே தூறினால், "இன்னைக்கு வேலை இல்லை, போங்க." விடியுமுன் எழுந்து சோறாக்கி வந்தவளுக்கு அரை நாளும் போச்சு, கூலியும் போச்சு. மழை வரும் என்று முதல் நாளே மேஸ்திரி போனில் பார்த்திருப்பார். சொல்ல மாட்டார். ஒருவேளை வெயிலடித்துவிட்டால் ஆள் வேண்டுமே!

2020இல் டெல்லியின் என்.சி.ஏ.இ.ஆர். நிறுவனம் முன்னறிவிப்பின் பலனைப் பணமாகக் கணக்கிட்டது. பருவமழை ஆய்வுத் திட்டத்துக்கும் அதிவேகக் கணினிகளுக்கும் ஒன்றிய அரசு போட்டது ஏறத்தாழ 1,000 கோடி ரூபாய். மானாவாரிப் பகுதிகளில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள விவசாயக் குடும்பங்களுக்கு அதனால் ஆண்டுக்கு 13,331 கோடி ரூபாய் பலன் என்றது ஆய்வு. போட்ட ஒரு ரூபாய்க்கு 50 ரூபாய். கேட்கப்பட்ட விவசாயிகளில் 98 சதவீதம் பேர், உழவு, விதைப்பு, பாசனம், மருந்தடிப்பு, அறுவடை போன்ற ஒன்பது நடைமுறைகளில் ஒன்றையாவது முன்னறிவிப்பைப் பார்த்து மாற்றியிருந்தார்கள்.

இந்தத் தொகை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த வகைக் கணக்கின் அடிப்படையைப் பாருங்கள். தகவல் தெரிந்து ஒருவர் முடிவை மாற்றினால், அதனால் வந்த லாபம்தான் தகவலின் மதிப்பு. முடிவே தன் கையில் இல்லாதவளுக்கு? அம்மாவுக்கு மழை வருவது தெரிந்திருந்தாலும் போயே ஆக வேண்டும். போகாவிட்டால் மறுநாள் அவர் இடத்தில் வேறொருத்தி நிற்பாள். சூத்திரம் அவருக்குப் பூஜ்யம் போடும். அந்தப் பூஜ்யம் வானிலையைப் பற்றியதல்ல, களத்தில் அவருக்கு இருந்த அதிகாரத்தைப் பற்றியது.

'குடும்பம்' என்ற சொல்லிலும் எனக்குச் சண்டை உண்டு. எங்கள் வீட்டில் "நாளைக்கு மழை" என்று அறிவிப்பவர் அப்பா. காயப்போட்ட கடலையை அள்ளுவது, விறகை உள்ளே போடுவது, மாட்டுக்கான சோளத்தட்டை மூடுவது அம்மாவும் நானும். மறுநாள் டீக்கடையில், "போனைப் பாத்தேன், கடலை தப்பிச்சுது" என்பார் அப்பா. தப்பிய கடலைக்கு விலை உண்டு. இருட்டில் நாங்கள் அள்ளிய மூன்று மணி நேரத்தை எந்த வரவில் எழுதுவது?

இது கூலிப் பிரச்சினை, வானிலையை ஏன் இழுக்கிறாய் என்று கேட்பீர்கள். இரண்டையும் பிரித்து வைத்ததால்தான் கோழிக்குக் கிடைத்தது களத்துப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. நாளைக்கு வேலை உண்டா என்று முதல் நாள் மாலையே சொல்லட்டும். வரவைத்துத் திருப்பி அனுப்பினால் அரைக்கூலி கொடுக்கட்டும். அப்புறம் கணக்கெடுக்க வாருங்கள். மேஸ்திரி போனில் எல்லாப் பெண்களின் நம்பரும் இருக்கிறது. ஆள் குறைந்தால் ராத்திரி பத்து மணிக்கும் அவருக்குக் கூப்பிடத் தெரியும்.